பூனைகளுக்கொரு வக்ஃபு: கெய்ரோவிலிருந்து கிண்டி வரை



சென்னை கிண்டியில், வேளச்சேரி சாலையில் ப்ளூ கிராஸ் என்னும் விலங்குக் காப்பகம் இருப்பதைத் தென்சென்னைவாசிகள் அறிவார்கள். தெருவில் அடிபட்டவை, கண் திறக்கும் முன்பே தாயைப் பிரிக்கப்பட்டவை, வளர்த்தவர்களே கைவிட்டவை எனப் பூனைகளும் அங்கே அடைக்கலம் பெறுகின்றன. இத்தகைய காப்பகங்களில் ஊதியம் ஏதும் பெறாமல் தட்டுக் கழுவவும், கழிவை அள்ளவும், உணவிடவும் விடுமுறை நாட்களில் இளைஞர்கள் செல்கின்றனர். அவ்வாறு செல்லும் நம் பிள்ளைகளைப் பார்த்து, "மஹல்லாவில் எத்தனை ஏழைகள் இருக்கிறார்கள்! பூனைக்குப் போய் ஊழியமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் நமது வரலாறு இதற்கு வேறொரு பதிலை வைத்திருக்கிறது.

கி.பி. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்டவர் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ். தாத்தாரியரைத் தடுத்து நிறுத்திய வீரர் என்றே நாம் அவரைப் படித்திருக்கிறோம். அவர் கெய்ரோ நகரின் வடபுறத்தில் தாம் எழுப்பிய பள்ளிவாசலுக்கு அருகே இருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் பராமரிப்புக்கென வக்ஃபு செய்தார். 'பூனைத் தோட்டம்' என்ற பொருளில் மக்கள் அதனை 'கைத்துல் குத்தா' என்று அழைத்தனர். அதே நகரில் ஏழைகளுக்கும், நோயாளிகளுக்கும், மத்ரஸா மாணவர்களுக்கும் தனித்தனி வக்ஃபுகள் இருந்தன. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும் என்று அக்காலத்தவர் கணக்குப் பார்க்கவில்லை.

அந்தத் தோட்டம் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்பதை, 1830-களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேய அறிஞர் பதிவு செய்திருக்கிறார். முத்தவல்லிகள் தோட்டத்தைக் கைமாற்றிவிட்டனர். பூனைகளின் பங்காக ஆண்டுக்கு ஒரு சொற்ப நிலவாடகை மட்டுமே மிஞ்சியது. வக்ஃபுச் சொத்துக்கள் கரைந்த கதை நமக்குப் புதிதா என்ன! ஆனால் வியப்பு இனிமேல்தான் இருக்கிறது. சொத்துப் போன பின்பும் உணவு நிற்கவில்லை. நகரத்துக் காழி அந்தச் செலவைத் தம் பொறுப்பில் ஏற்றார். ஒவ்வொரு நாளும் பிற்பகலில் காழியின் நீதிமன்ற முற்றத்துக்கு இறைச்சிக் கழிவு கொண்டுவரப்பட, சுற்றுப்புறப் பூனைகள் அனைத்தும் அங்கே கூடின. பைபர்ஸ் மறைந்து ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இது நடந்தது!

லேன் மற்றொன்றையும் எழுதுகிறார். வீட்டுப் பூனை வேண்டாம் என்று தோன்றினால், அதனைத் தூக்கிச் சென்று காழியின் முற்றத்தில் விட்டுவிட்டு வருவது கெய்ரோ மக்களின் வழக்கமாம். இன்றும் காப்பகங்களின் வாசலில் அட்டைப்பெட்டிக்குள் குட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். இடம் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

பைபர்ஸின் காலத்திலேயே, ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்தவர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர் தமது நூலில் விவரித்திருக்கிறார். பிராணி முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பின்பும் அதற்குச் செலவிடுவது கடமை, தாங்க இயலாத சுமையை அதன் மீது ஏற்றலாகாது, அதற்குத் தீங்கிழைக்கும் வேறு பிராணியோடு அதனைச் சேர்த்து அடைத்தல் ஆகாது என்பன அவற்றுட் சில. ஒரே கூண்டில் வலிய பூனையையும் நோயுற்ற பூனையையும் விடக்கூடாது என்று இன்றைய காப்பகங்கள் வைத்திருக்கும் விதியும் அதுவேயன்றோ!

பூனையை அடைத்து வைத்த பெண்மணியைப் பற்றிய நபிமொழியை நாம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற அச்செய்தியில் அவளது குற்றத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. அவள் உணவும் தரவில்லை, தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அடைத்த கணத்திலேயே பொறுப்பு பிறந்துவிட்டது என்பது இதன் பொருள். அப்படியானால் காப்பகம் என்பது என்ன? பூனைகளை அடைத்து வைத்திருக்கும் வீடு. அங்கே "ஞாயிறுதோறும் நான் வருகிறேன்" என்று வாக்களித்தவர், அந்த நாளில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், கதவுக்குப் பின்னால் இருக்கும் வாயில்லா ஜீவன் தானே வெளியேறி இரை தேட முடியாது. ஆகவே தன்னார்வம் என்ற சொல்லில் உள்ள 'ஆர்வம்' சேரும் நாளுக்குத்தான் பொருந்தும். சேர்ந்த பின் அது அமானிதம். பிள்ளைகளை அங்கே செல்லவிடாமல் தடுப்பதைக் காட்டிலும், ஏற்ற முறையைத் தவறவிடாமல் இருக்கப் பழக்குவதே பெற்றோர் செய்யத்தக்கது.

நமது நகரில் இப்பணி எவ்வாறு வேர்விட்டது என்பதையும் அறிதல் நலம். 1959-இல் பெய்த பெருமழையில் தியாகராய நகர் வெள்ளக்காடாயிற்று. (தி.நகர் அன்றும் மழைக்கு மிதந்தது என்பது தனிச்செய்தி.) நீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் வி. சுந்தரம் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் விமானியே. அக்குடும்பத்தின் முயற்சி 1964-இல் ப்ளூ கிராஸ் எனப் பதிவு பெற்ற அமைப்பாயிற்று. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று அவர்கள் அப்போதிருந்தே வலியுறுத்தி வந்தனர். மாநகராட்சி அதற்கு இணங்கியதோ 1996-இல்தான்.

அடையாறு இன்னொரு தொடக்கம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானதும் பிராணிவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவே 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அதன் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்து, 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது. இச்சட்டத்தைக் குர்பானிக்கு எதிரானதென்று கருதும் சகோதரர்கள் அதன் 28-ஆம் பிரிவைப் படிக்கட்டும். மார்க்கம் விதித்த முறையில் அறுப்பது குற்றமாகாது என்று அது தெளிவாகவே கூறுகிறது. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் வகையில் பிராணியைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு அதில் எழுதப்பட்ட அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அந்தப் பெண்மணிக்கு விதிக்கப்பட்டதோ நரகம்.

சட்டமும் விதிகளும் நாய்களை எண்ணிய அளவுக்குப் பூனைகளை எண்ணவில்லை. 2001-இல் வந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே 'நாய்கள்' என்றுதான் இருந்தது. மயிலாப்பூர் நொச்சிக்குப்பத்து மீன் கடைகளைச் சுற்றி வளரும் பூனைகளின் நலம் பெரும்பாலும் தனிமனிதர்களின் கையில்தான் இருக்கிறது. பூனை ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஈனும். ஆண்டுக்குப் பலமுறையும் ஈனும். காப்பகத்தில் குட்டிகள் நெருக்கமாகச் சேரும்போது பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் புகுந்தால், தடுப்பூசி போடப்படாதவை கூட்டமாக மடியும். 'காப்பகத்தில் விட்டுவிட்டேன், பிழைத்துக்கொள்ளும்' என்பது பல நேரங்களில் நம் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பேச்சே.

ஆகவேதான் கருத்தடை பற்றி மக்கள் வினவுகின்றனர். மன்னர் ஔரங்கஸீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரி என்ற ஹனஃபி நூல், பயனோ தீங்கைத் தடுக்கும் நோக்கமோ இருப்பின் ஆண்பூனைக்குக் காயடிப்பதில் தவறில்லை என்று பூனையைப் பெயர் சுட்டியே கூறுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இது குறித்துக் கண்டிப்பான கருத்து உண்டு. அம்மத்ஹபினர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

இடையில் ஒரு சொல். முஅஸ்ஸா என்ற பூனை உறங்கியதற்காக நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்ற கதையைப் பலரும் பரப்புகின்றனர். ஹதீஸ் நூல்களில் அதற்கு ஆதாரம் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானில் ஒரு பகுதி என்பதும் இட்டுக்கட்டப்பட்டதே என அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். உறுதியான செய்திகள் கையிலிருக்கப் புனைவுகள் நமக்கெதற்கு? உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிப்பதற்காக அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி, அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இருக்கிறது. அது அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதையே அவர் அப்போது சான்றாகக் காட்டினார்.

இதிலிருந்தே செல்கிறவர்களுக்கான சட்டமும் விளங்கும். பூனை ஆடையில் உரசுவதாலோ மடியில் அமர்வதாலோ தொழுகைக்குத் தடையில்லை. அது வாய் வைத்த நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் தூய்மையானதே எனினும், வேறு நீர் இருக்கையில் அதைப் பயன்படுத்துவது வெறுக்கத்தக்கது. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவியாக வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். தாயற்ற குட்டிக்குப் பசும்பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கென உள்ள பால்மாவைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டியிருக்கும். பிற்பகலில் முறை ஏற்றவர்கள், அஸருக்கு உடுத்த மாற்றுடை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்வார்களாக.