அம்மா, சித்தி ஆன கதை

பனி போல வெளுத்த குட்டி இளவரசி. அவள் அழகைப் பார்த்து வயிறெரிந்து, 'காட்டுக்குக் கொண்டுபோய்க் கொன்று போடு' என்கிறாள் ராணி. யார் அந்த ராணி? 'சித்தி!' என்று உங்கள் வீட்டு வாண்டு சட்டென்று சொல்லும்.

முதன்முதலில் அச்சேறியபோது அவள் சித்தி இல்லை. பெற்ற அம்மா!

1812 டிசம்பர். ஜெர்மனியின் காஸல் நகரில் வசித்த கிரிம் சகோதரர்களின் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு வெளிவருகிறது. அண்ணன் ஜேக்கப்புக்கு வயது 27, தம்பி வில்ஹெல்முக்கு 26. அப்போது காஸலை ஆண்டது நெப்போலியனின் தம்பி ஜெரோம். ஜேக்கப் அவரிடம்தான் நூலகர். சம்பளம் பிரெஞ்சு ராஜாவிடம், மனசெல்லாம் ஜெர்மன் மொழியிடம்! பாட்டிமார்களோடு கதைகளும் செத்துப்போய்விடுமே என்ற பதைப்பில் சேர்த்த புத்தகம் அது.

ஊர் ஊராக மூட்டை தூக்கி அலைந்தார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கதைதான் அவர்களைத் தேடி வந்தது. பக்கத்துவீட்டு மருந்துக்கடைக்காரரின் பெண்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தியைப் பிற்பாடு வில்ஹெல்ம் கல்யாணமே செய்துகொண்டார். ஊருக்குள் காய்கறி விற்க வந்த தையற்காரர் மனைவி டோரத்தேயா ஃபீமன் மட்டும் சுமார் 40 கதைகள் சொன்னார். எத்தனை தடவை கேட்டாலும் வார்த்தை மாறாதாம்!

அச்சடித்தது 900 பிரதி. பி.காம். படித்தவன் பார்வையில் சுமாரான வியாபாரம். தலைப்பில் 'குழந்தைகள்' இருந்ததே தவிர, உள்ளே ஆராய்ச்சிக் குறிப்புகள். 'இதையா பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவது?' என்று நண்பர்களே முகம் சுளித்தார்கள்.

அப்புறம்தான் வில்ஹெல்ம் கத்தரிக்கோலை எடுத்தார். கோபுரத்தில் அடைபட்ட ரபுன்ஸல், 'உடுப்பு ஏன் இறுகிப்போச்சு?' என்று வெள்ளந்தியாகக் கேட்பாள். பாவம், கர்ப்பம்! 1819 பதிப்பில் அது காலி. பனி இளவரசியின் அம்மா சித்தியானதும் அதே பதிப்பில்தான். பஞ்சத்தில் சோறில்லாமல் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் ஹான்ஸலின் அம்மா, 1840-ல் சித்தியானாள்.

வேடிக்கை என்னவென்றால், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ராணி ஆடி ஆடியே சாகிறாளே, அதில் மட்டும் கத்தரி படவில்லை. கொடூரம் இருக்கலாம், அம்மா கொடூரமாக இருக்கக்கூடாது! பசி வந்தால் பெற்றவளும் தடுமாறுவாள் என்ற நிஜம் கதையிலிருந்து நைசாக நழுவிவிட்டது. பழி, பிரசவத்தில் செத்தவளின் பிள்ளையை வளர்க்க வந்தவள் தலையில்.

ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சுப் பையனை வளர்த்தது சித்தி. வாத்தியார் இந்தக் கதையைச் சொன்ன அன்று வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. நானும்தான். தினமும் அவன் டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சாதத்தில் பங்கு வாங்கித் தின்றவன் நான்.

1825-ல் 50 கதைகளோடு படம் போட்ட சின்னப் பதிப்பு வந்தது. பிடித்தது யோகம்! வில்ஹெல்ம் 1857 வரை விடாமல் திருத்தினார். அண்ணன் தம்பி கைவசம் வைத்திருந்த பிரதிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றின் ஓரங்களில், அவர்கள் கையாலேயே எழுதிய திருத்தங்கள் இன்னமும் இருக்கின்றன.