ஜொகூர்க் கடைத்தெருவும் குடிநுழைவுச் சட்டமும்

ஜொகூர்த் தமிழரின் வரலாறு பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பால்மரம் சீவியோரின் உழைப்பு அதற்கு முற்றிலும் உரியதே. ஆயினும், ஜொகூர் பாரு, மூவார், குளுவாங், சிகாமட் முதலிய நகரங்களின் மளிகைக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் உழைத்த தமிழர்க்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. அவர்களுள் கொள்முதல் செய்தவரின் நிலை தனியே ஆராயத் தக்கது.

கடைக்குச் சரக்கெடுத்தல் எளிய செயலன்று. மூட்டையில் குத்தூசியைச் செலுத்திச் சில மணிகளை எடுத்துப் பழைய அரிசியா புதிய அரிசியா எனக் காண வேண்டும். மிளகாயின் ஈரத்தைக் கையாலும், துணியின் நெருக்கத்தை விரலாலும் அறிய வேண்டும். தோட்டத்துச் சம்பள நாள், தீபாவளி, பொங்கல் ஆகியவற்றைக் கணித்துச் சரக்கின் அளவை முடிவு செய்ய வேண்டும். எந்த மொத்த வணிகர் எத்தனை நாள் கடன் தருவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1924ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சிங்கப்பூரின் மொத்தச் சந்தை ஜொகூர் வணிகர்க்கு மேலும் நெருக்கமாயிற்று.

இவ்வறிவைப் புகட்டிய பள்ளி கடையேயாம். ஊரிலிருந்து உறவினர் துணையோடு வந்த சிறுவன் கடை கூட்டி, பொட்டலம் மடித்து, கணக்கெழுதி, பல ஆண்டுகளுக்குப் பின்னரே கொள்முதல் பொறுப்பை அடைந்தான். அவனுடைய தேர்ச்சிக்குச் சான்றிதழ் ஏதுமில்லை.

இத்தகைய உழைப்பைச் சட்டம் எவ்வாறு மதித்தது? 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், ‘திறனுடைய வேலை’ என்பதற்குத் தந்த விளக்கத்தில் கைவினைஞரோடு எழுத்தரையும் கடை உதவியாளரையும் சேர்த்திருந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தோட்டத் தொழிலாளரின் பயணத்தைத் தடுத்தபோதும், திறனற்ற உழைப்புக்கே அத்தடை விதிக்கப்பட்டது.

மலாயாவின் 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது நிலை மாறிற்று. வாணிகத்தையும் தொழிலையும் வளர்க்க வல்லோர், உள்ளூரில் கிடைக்காத தனித்திறன் உடையோர், இங்கு வாழ்வோரின் நெருங்கிய குடும்பத்தினர் முதலியோர்க்கே புதிதாக நுழைய வழி இருந்தது. முந்தைய சட்டம் புறப்படுவோரைக் காக்க எழுந்தது. இதுவோ நுழைவோரைக் கட்டுப்படுத்த எழுந்தது. எனவே, முன்னதில் திறனாளராகக் கருதப்பட்ட கடைச் சிப்பந்திக்குப் பின்னதில் எளிதில் இடம் கிட்டவில்லை. முதலோடு வருபவர்க்கு வழியிருந்தது. பொட்டலம் மடிப்பதில் தொடங்கித் தொழில் பழக வரும் சிறுவனுக்கு வழி குறுகிற்று.

1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை தொடங்கிற்று. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறுதல் வேண்டும் என்றது. நெடுங்காலம் இந்நாட்டில் வாழ்ந்தும் குடியுரிமை பெறாதிருந்தோர் பெரிதும் இன்னலுற்றனர். தாயகம் திரும்பியோரும் பலர். புதிதாய் விடுதலை பெற்ற நாடு தன் குடிமக்களுக்கு வேலை தேடியது இயல்பே. எனினும், திரும்பியோருடன் நீண்ட காலப் பட்டறிவும் கடல் கடந்தது என்பதை மறுத்தல் இயலாது.

இச்சிக்கல் பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. துணிக்கடை, முடிதிருத்தகம், பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டது. 2023இல் அத்தடையைத் தளர்த்தி 7,500 பேரை அனுமதிக்கும் அறிவிப்பு வெளிவந்தது. ஆயினும், வேலைக்கு ஆள் கிடைப்பது வேறு. வேலையறிவு அடுத்த தலைமுறைக்குச் சேர்வது வேறு.

சட்டம் ஏட்டில் காணும் தகுதியையே அளக்க வல்லது. கடையில் கற்ற கல்வி அவ்வளவைக்குள் அடங்காது போயிற்று. கொள்முதல் கலையை உள்ளூர் இளைஞர் முறையாகப் பயின்று சான்று பெறும் வகை செய்யின், கடைத்தெருவின் அறிவு சட்டத்தின் கண்ணுக்கும் புலனாகும். ஜொகூர்த் தமிழ் வணிகம் நிலைப்பதற்கு அதுவே முதற்பணி எனலாம்.