கோபாலன் அளந்த சோறு

சேலத்தில் 1918இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நூறு வயது கண்டு 2019இல் மறைந்தவர் ஊட்டச்சத்து ஆய்வாளர் டாக்டர் சி. கோபாலன். அவர் வகித்த பதவிகளும் பெற்ற விருதுகளும் பல. அவற்றைவிட, பசியை அவர் அளந்த விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1950, 60களில் ஏழை நாட்டுக் குழந்தைகள் நோஞ்சானாக இருப்பதற்குப் புரதக் குறைவே முதற்காரணம் என்று உலக நிபுணர்களில் பலர் நம்பினார்கள். அதற்கு மருந்தாக மீன்மாவு போன்ற புரதப் பொருள்கள் முன்வைக்கப்பட்டன. கோபாலனும் சக ஆய்வாளர்களும் குழந்தைகள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். காலும் முகமும் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரியும் குவாஷியோர்கர் பிள்ளைகள் ஒருபுறம். எலும்பும் தோலுமாய், கிழடுதட்டிய முகத்தோடு சவலைப் பிள்ளைகள் மறுபுறம். முதல் நோய் புரதக் குறைவால், அடுத்தது கலோரிக் குறைவால் என்றது பாடநூல். ஆனால் இரு சாராரின் சாப்பாட்டிலும் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. அரிசியோ சோளமோ, கூடக் கொஞ்சம் பருப்பு. அதையே வயிறார உண்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரதமும் போதிய அளவு கிடைத்துவிடும். பற்றாமல் போனது சோற்றின் அளவுதான். வறுமையைப் புட்டியில் அடைத்த சத்தால் மறைக்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்?

தக்காணத்துச் சோளம் உண்போரிடம் பெல்லாக்ரா என்ற ஊட்டக்குறைவு நோய் வருவதற்கு, லியூசின் என்ற அமினோ அமிலத்தின் மிகுதி காரணமாகலாம் என்று 1960இல் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து கோபாலன் எழுதினார். அது பின்னர் விவாதத்துக்குள்ளானது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக அவர் இருந்த காலத்தில், 1972இல், ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் தொடங்கியது. அதன் களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போய், உலையில் போடவிருக்கும் அரிசியையும் பருப்பையும் தராசில் நிறுத்துக் குறித்தார்கள். ஒரு நாட்டின் பசியை இத்தனை பொறுமையாக எழுதிவைத்த கணக்குகள் அரிது.

1980களில் டேவிட் செக்லர் என்ற பொருளியலாளர், உருவம் சிறுத்தாலும் ஏழை நாட்டு மக்கள் ஆரோக்கியமானவர்களே என்று வாதிட்டபோது கோபாலன் கடுமையாக எதிர்த்தார். அது கோபப்பட வேண்டிய வாதம்தான். வளர்ச்சி குன்றியவருக்கு உழைக்கும் திறன் குறைகிறது. குன்றிய தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. ஆகவே ஏழைப் பிள்ளைக்கென்று தாழ்ந்த அளவுகோல் வைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதினார்.