ஓடும் நாயைத் தெளிவாகப் படமெடுக்க...

திடலில் பாய்ந்து ஓடும் வீட்டு நாயைப் படமெடுத்தால், பல நேரங்களில் நாய் மங்கலாகவும் பின்னால் உள்ள மோட்டார் சைக்கிளும் துணிக்கொடியும் பளிச்சென்றும் பதிவாகும். கேமரா மலிவானது என்பதே காரணம் என்று நினைக்க வேண்டாம். நிற்கும் இடத்தையும் சில அமைப்புகளையும் மாற்றினாலே படம் தேறும்.

ஷட்டர் வேகம்

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய் விநாடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் நாய் சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 1/1000 விநாடியில் 1 சென்டிமீட்டர்தான் நகரும். ஆகவே 1/1000 அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். தொடர் ஃபோகஸ், தொடர் படப்பிடிப்பு இரண்டையும் இயக்கி, நாயின் கண்ணைக் குறிவையுங்கள்.

பின்னணி

நாய்க்கும் பின்னணிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பின்னணி கரையும். வேலியை ஒட்டி ஓடவிடாமல், பின்னால் 20, 30 மீட்டராவது வெட்டவெளி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எஃப் 2.8 அல்லது 4 போன்ற சிறிய எண்ணை வைத்து, 200 மில்லிமீட்டர் அளவுக்கு ஜூம் செய்யலாம்.

முக்கியமாக, குனிந்து அல்லது படுத்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் நாயின் காலடிப் புல்லே பின்னணியாகிவிடும். தாழ்ந்து எடுத்தால் தொலைவில் உள்ள மரங்கள் பின்னணியாகி மங்கிவிடும்.

நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு நாய் செம்பனை நிழலில் மறைந்துபோகும். பழுப்பு நாய் செம்மண் சாலையோடு கலந்துவிடும். வெயில் பட்ட பசும்புல் இரண்டுக்கும் பொருந்தும்.

கைப்பேசியில்

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறை, அசையாமல் இருக்கும் நாய்க்கே ஏற்றது. ஓட்டத்தில் காதும் வாலும் சேர்ந்து மங்கிவிடும். நல்ல வெளிச்சத்தில் தொடர் படப்பிடிப்பைப் பயன்படுத்துங்கள். முதலில் பக்கவாட்டில் ஓடுவதை எடுத்துப் பழகுங்கள். பிறகு, வீட்டில் ஒருவரை உங்கள் பின்னால் நிற்கவைத்து நாயைக் கூப்பிடச் சொல்லலாம்.

நாயின் நலம்

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் வெயில் சாய்ந்திருக்கும். படத்துக்கும் நாய்க்கும் அதுவே நல்லது. நண்பகலில் சூடான தார்ச்சாலை பாதத்தைச் சுடும். நாலைந்து ஓட்டத்தோடு நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். சாலையோரத்தில் பந்தை வீச வேண்டாம்.

நாய் நம்மோடு இருப்பது பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். அது ஓடியாடும் வயதிலேயே நல்ல படம் ஒன்றை எடுத்து வையுங்கள்.