கற்றல் குறைபாடு, வயதுவந்தோரிடத்து

போதிய புத்தியும் பள்ளிப் பயிற்சியும் இருந்தும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ பால்யந்தொட்டு நீடிக்கும் இடர்ப்பாடு. சிறுபிராயத்தில் சோம்பல் என்று தள்ளப்பட்ட இது, ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில், இயந்திரத்தைத் திறம்பட இயக்கும் தொழிலாளி, பதவி உயர்வை ஒட்டி ஷிப்ட் அறிக்கை எழுத நேரும்போதே புலப்படுவதுண்டு.

மதிப்பீடு: கண், செவிப் பரிசோதனைக்குப் பின், மருத்துவ உளவியல் நிபுணர் பள்ளிக்கால விருத்தாந்தத்தை விசாரித்து, புத்திக்கூர்மையையும் வாசிப்பையும் சோதிப்பார். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் ஓசூர் எல்லைப் பிரதேசத்தில், பயின்ற மொழியிலேயே சோதித்தல் அவசியம். இன்றேல் அந்நிய மொழித் தயக்கமே குறைபாடாகத் தோன்றிவிடும். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், ஓசூர் சாலையிலேயே அமைந்த நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இத்துறையில் பிரசித்தமானது. எனினும் அதன் சோதனைத் தொகுதி சிறார்க்கென வகுக்கப்பட்டதாதலின், வயதுவந்தோர் விஷயத்தில் நிபுணரின் நேர் விசாரணையே பிரதானம்.

சட்டமும் உதவியும்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 8 வயது முதல் வழங்கப்பட்ட சான்று, 14, 18 வயதுகளில் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் ஆயுள்முழுதும் செல்லுபடியாயிற்று. சான்று குறித்த விவரங்களை ஓசூர்ப் பகுதியினர் கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறியலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுடையோர் அரசுப்பணி ஒதுக்கீட்டுக்கு உரியர். தொழிற்சாலையிலோ, படக்குறிப்புகள், வாய்மொழி அறிக்கை, எழுத்தை வாசித்துக் காட்டும் கைப்பேசிச் செயலி, கூடுதல் அவகாசம் ஆகியன செலவின்றிப் பெரும்பயன் தருவன.