ஜன்னலுக்கும் ஒரு குடிமராமத்து

தஞ்சாவூர் கீழவாசலில் எனக்குத் தெரிந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர். மூட்டை இருப்பு, கமிஷன், பாக்கி எல்லாமே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அவருடைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது. காலேஜில் படிக்கும் அக்கா மகன் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

‘‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. என் கணக்கு எங்கடா?’’

‘‘வைன்ல போட்டுப் பாக்கலாம் மாமா!’’

மாமா முறைத்தார். லட்சுமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிற பேச்சா இது?

அந்த வைன் வேறு. 1993-ல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்ற இருவர் ஆரம்பித்தது. விண்டோஸுக்கு எழுதிய புரோகிராம்களை லினக்ஸில் ஓடவைக்க வேண்டும், அதுதான் ஆசை. அடுத்த வருடமே பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியார்ட் கைக்கு வந்தது. மனிதர் இன்றுவரை விடவில்லை.

எப்படி வேலை செய்கிறது? கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரைப் பார்த்திருப்பீர்கள். நாம் நம் பாஷையில் புலம்புவோம். அவர் அதை ஆபீஸுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பார். அதேதான். புரோகிராம், ‘ஃபைலைத் திற’ என்று விண்டோஸ் பாணியில் கேட்கும். வைன் அதை லினக்ஸ் பாணியில் கேட்டு வாங்கித் தரும். பொய்யாக ஒரு ‘சி டிரைவ்’கூட உண்டு. பாவம், புரோகிராம் தான் விண்டோஸில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்!

கேட்க சுலபம். ஆனால் கேள்விகள் ஆயிரக்கணக்கில். மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்தவர் யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்பது வேறு கண்டிப்பு. வெளியிலிருந்து தட்டித் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வைன் 1.0 வந்தது 2008 ஜூனில். பதினைந்து வருடம்! அதற்குள் விண்டோஸ் 3.1 போய், 95 போய், எக்ஸ்பி போய், விஸ்டாவே வந்துவிட்டது.

அப்புறமும் தலைவலி தீரவில்லை. ஒரு புரோகிராம் ஒரு பழைய லைப்ரரி கேட்கும். இன்னொன்று ஃபான்ட் கேட்கும். மூன்றாவது, குறிப்பிட்ட வைன் பதிப்பில் மட்டும்தான் ஓடும். இங்கேதான் ஊர் கூடியது. டான் கேகல் ‘வைன்ட்ரிக்ஸ்’ எழுதினார். 2007-ல் ‘ப்ளே ஆன் லினக்ஸ்’ வந்தது. எங்கோ ஒருவர் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி ஒரு புரோகிராமை ஓடவைப்பார். செய்த படிகளை ஸ்க்ரிப்டாக எழுதிப் போட்டுவிடுவார். அடுத்தவருக்கு நாலு க்ளிக்கில் வேலை முடிந்தது. எந்த புரோகிராம் எவ்வளவு ஓடுகிறது என்று மார்க் போடவும் தொண்டர்கள் உண்டு. பிளாட்டினத்தில் ஆரம்பித்து ‘குப்பை’ வரைக்கும்!

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதா என்ன? காவிரியில் தண்ணீர் வருவதற்குமுன் ஊரே வாய்க்காலில் இறங்கித் தூர் வாருமே, குடிமராமத்து, அதுதான் இது. வராதவன் வயலுக்கும் தண்ணீர் பாயும் என்பதுதான் அதில் உள்ள வில்லங்கம். வெள்ளைக்காரன் 1858-ல் அதற்குச் சட்டமே போட்டான். வைனுக்கும் அதே வில்லங்கம் வந்தது. டிரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி வைனை எடுத்து, விளையாட்டுகளுக்காக மாற்றி விற்றது. மாற்றியதில் எல்லாம் திரும்பி வரவில்லை. பழைய உரிமத்தில் அது தப்பும் இல்லை. 2002 மார்ச்சில் உரிமத்தையே மாற்றினார்கள். எடுத்துக்கொள், விற்றுக்கொள். ஆனால் வைனில் நீ செய்த திருத்தத்தை வெளியிட்டால் அதன் நிரலையும் கொடு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வைனின் நிரலில் தமிழுக்கென்றே சில வரிகள் இருக்கின்றன. ‘கொ’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. திரையில் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் வர வேண்டுமே? பிரித்துப்போட வேண்டும். ஒ, ஓ, ஔ மூன்றின் குறிகளையும் எப்படி உடைப்பது என்று அதில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் முயற்சி நடக்காமல் இல்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் எல்காட் நிறுவனம் 2006-07 வாக்கில் சூஸே லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. நான் பார்த்த பிள்ளைகள் விண்டோஸைத்தான் தட்டினார்கள். பி.காம். படித்துவிட்டு வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே ‘டாலி தெரியுமா?’ என்பதுதான். எனக்கும் அதே கேள்விதான். வாய்க்கால் வெட்டிய அரசு, மடை வைக்க மறந்துவிட்டது.

கீழவாசலில் என்னாச்சு? கணக்கு திறந்தது. பில் அடித்தால் ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். ஃபான்ட் இல்லை. பையன் அதையும் ஏற்றினான். பிறகு செய்த படிகளையெல்லாம் வரிசையாக டைப் பண்ண ஆரம்பித்தான்.

‘‘அதான் ஓடுதே, இன்னும் என்ன மாப்ள?’’

‘‘அடுத்தவங்களுக்கு வேணும் மாமா.’’

மாமா எழுந்துபோய் இரண்டு டிகிரி காபி சொல்லிவிட்டு வந்தார்.