52 எழுத்து ஜன்னல்

பெரிய எக்ஸெல் ஷீட் ஒன்றை லேப்டாப்பில் திறக்கிறீர்கள். கடைசிக் கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. ஓரமாக நகர்த்திப் பார்த்தால், இப்போது முதல் கட்டத்தில் இருந்த பெயர்களைக் காணோம்! இந்தத் தொகை யாருடையது என்று பார்க்க மறுபடி பின்னால் ஓட வேண்டும். ‘என்ன ஸ்க்ரீன்டா இது!’ என்று அலுத்துக்கொள்கிறீர்கள்.

இந்த அலுப்புக்கு வயது நாற்பதுக்கு மேல். இதை ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர், நம்ம திருவண்ணாமலையில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் என்றால் நம்புவீர்களா?

பெயர் ஆடம் ஆஸ்பார்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர், ரமண மகரிஷியின் பக்தர். யுத்த சமயத்தில் அப்பா ஜப்பானியர்களிடம் கைதியாக இருக்க, பையன் அம்மாவோடு மலையடிவாரத்தில் வளர்ந்தான். பிறகு கொடைக்கானலில் பள்ளிக்கூடம், அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்கா.

1981-ல் கலிஃபோர்னியாவில் அவர் வெளியிட்டதுதான் ‘ஆஸ்பார்ன் 1’. கையில் தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர்களில் முதன்முதலாக வியாபாரத்தில் ஜெயித்தது. விலை 1,795 டாலர். எடை? சுமார் 11 கிலோ! தையல் மெஷினைப் பெட்டியோடு தூக்கிப் போவது மாதிரிதான்.

அவ்வளவு பெரிய பெட்டியில் திரை மட்டும் 5 அங்குலம். வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். மேஜைக் கம்ப்யூட்டர்களில் 80 தெரிந்துகொண்டிருந்த காலம் அது. (அந்த 80, ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த துளையிட்ட அட்டையின் கணக்கு. அட்டை போயே போச்சு, எண் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

மெஷினை வடிவமைத்த லீ ஃபெல்சன்ஸ்டைன் ஒரு தந்திரம் செய்தார். உள்ளே மெமரியில் 128 எழுத்து அகலத்துக்கு வரி இருக்கும். திரை என்பது அதன்மேல் நகர்கிற சின்ன ஜன்னல். அம்புக்குறிக் கீயை அழுத்தி அழுத்தி ஜன்னலை இடமும் வலமும் தள்ள வேண்டும். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் எல்லாம் கூடவே இலவசம். ஆனால் கணக்குப் பார்ப்பவர் பெயரையும் தொகையையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

ஆனாலும் உச்சத்தில் மாசத்துக்குப் பத்தாயிரம் விற்றது. அப்புறம் வந்தது கேப்ரோ. 1982-ல், அதே விலையில் 9 அங்குலத் திரை, முழுசாக 80 எழுத்து! ஆஸ்பார்ன் அவசர அவசரமாக 80 எழுத்து மாடலை அறிவிக்க, பழசை யார் வாங்குவார்கள்? 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அவசர அறிவிப்புதான் கவிழ்த்தது என்பார்கள் வியாபாரப் பண்டிதர்கள். என்னைக் கேட்டால், குறைந்துபோன அந்த 28 எழுத்துக்குப் பாதிப் பழியாவது உண்டு. ஆஸ்பார்ன் 1992-ல் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார். 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

திரையை எழுத்தால் அளந்தது போய், பிக்ஸல் என்கிற புள்ளியால் அளக்க ஆரம்பித்தோம். தொல்லை விட்டதா? 2007-ல் வந்த குட்டி ‘ஈ பிசி’யில் 800-க்கு 480 புள்ளி. சில சமயம் ‘ஓகே’ பட்டனே திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்! பிறகு வருஷக்கணக்கில் நம்மை ஆண்ட 1366-க்கு 768, சினிமா பார்க்க சுகம். உயரம் மட்டும் பழைய 768-தான். கடிதம் அடித்தால் பாதிப் பக்கம் தெரியும்.

2012-ல் ஆப்பிள் ‘ரெட்டினா’ திரையில் 2880-க்கு 1800 என்று புள்ளிகளை நாலு மடங்காக்கியது. இடமும் நாலு மடங்கா? இல்லை! எழுத்து அதே அளவில், இன்னும் கூர்மையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒட்டிக்கொள்ளாத மூணு சுழி ‘ண’வைப் பார்க்க அதுவே போதும் என்பேன்.

உங்கள் 14 அங்குல லேப்டாப் 1920-க்கு 1080-ஆ? விண்டோஸ் பெரும்பாலும் எல்லாவற்றையும் 150 சதவிகிதமாக ஊதித்தான் காட்டும். அதாவது உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1280-க்கு 720. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே போய் 125 ஆக்கிப் பாருங்கள், 1536-க்கு 864 ஆகிவிடும். எக்ஸெலில் ரெண்டு மூணு கட்டம் கூடுதலாகத் தெரியும். எழுத்து சிறுத்துப்போய்க் கண் கூசினால், பழையபடி 150-க்கே வந்துவிடுங்கள்.